கடைமடையில் ஒரே கதவு: வெண்ணாற்றின் வடிகாலும் உப்பும் சம்பாவும்

காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாற்றின் கிளைகள் கடலைச் சேரும் இடங்களில் கடைசியாக ஒரு கட்டுமானம் நிற்கும். கடைமடை என்றால் பாசனத்தின் கடைசி முனை. அரசு ஆவணத்தில் அதன் பெயர் கடைமடை நீரொழுங்கி. ஊரில் ‘ரெகுலேட்டர்’ என்பார்கள், இல்லையென்றால் வெறும் ‘ஷட்டர்’. மாசி மாதத்தில் அதன் மேல்தளத்தில் நின்றால் மேற்குப் பக்கம் ஆற்றில் மிச்சமிருக்கும் நல்ல தண்ணீர், கிழக்குப் பக்கம் கடல் ஏறிய உவர்நீர். இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புப் பலகையும் அதன் அடியில் ஒரு ரப்பர் பட்டையும்தான். கார்த்திகையில் வந்தால் மேற்கே வயலெல்லாம் வெள்ளம், கிழக்கே அதை வாங்கிக்கொள்ளாத கடல்.

ஆண்டில் பாதிக்கு மேல் இந்தக் கதவு உப்பைத் தடுக்க மூடியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளத்தை விடத் திறந்திருக்க வேண்டும். தப்பான நேரத்தில் மூடினாலும் திறந்தாலும் அடி வாங்குவது அதன் மேற்கே இருக்கும் வயல்தான்.

காவிரி என்றதும் பேச்சு மேட்டூர், பிலிகுண்டுலு, டிஎம்சி என்றே போகும். கர்நாடகம் ஆண்டுதோறும் தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) எல்லோருக்கும் மனப்பாடம். நாகப்பட்டினம் மாவட்டத்தின் தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் பகுதிகளில் ஒரு சாகுபடி ஆண்டை முழுக்கப் பின்தொடர்ந்தால் கணக்கு மாறிவிடுகிறது. இங்கே தண்ணீர் வருவது முக்கியம்தான். ஆனால் பயிர் பிழைப்பதும் சாவதும் வந்த தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது. கடைமடையின் சிக்கலைப் பாசனச் சிக்கலாக மட்டும் பார்ப்பதால்தான் பல திட்டங்கள் பாதியில் நிற்கின்றன.

தண்ணீர் வரும் வழி

1934-ல் கட்டிமுடித்த மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அங்கே திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரியும், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று இன்னொரு முறை பிரியும். அதற்குக் கீழே பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று விரல்களாக விரிந்துபோய்ச் சில கிளைகள் நேரே கடலிலும், சில கரைக்கு இணையாக ஓடும் வேதாரண்யம் கால்வாயிலும் விழுகின்றன. மேட்டூரில் மதகைத் தூக்கிய சில நாளில் கல்லணை நனைந்துவிடும். கடைமடைக்கு வந்து சேர வாரக்கணக்கு ஆகும். அதுவும் இடையில் முறைப்பாசனம் (ஆறுகளுக்கு முறைவைத்து மாற்றி மாற்றி விடுவது) வைத்தால் இன்னும் தள்ளிப்போகும்.

வழக்கப்படி மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் 2 வரை போனது. 2020-ல் ஜூன் 12-ல் திறந்தார்கள், 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் ஜூலை 28. இப்படி ஆடும் தேதியை நம்பி எந்தக் கடைமடைக்காரரும் குறுவை நாற்று விடமாட்டார். குறுவை, தாளடி என்ற இருபோகக் கணக்கெல்லாம் மேலே தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக்கு. இங்கே பெரும்பாலும் ஒரே போகம், சம்பா. அதுவும் நாற்று விட்டு நடுவதைவிட நேரடி விதைப்பே அதிகம்.

2018 ஆகஸ்டில் நடந்தது இந்தப் பகுதியின் நிலையை ஒரே படத்தில் காட்டியது. மேட்டூர் நிரம்பி உபரிநீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் பாய்ந்தது. 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்க மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அதே நாள்களில் கடைமடை வாய்க்கால்கள் பலவற்றில் தண்ணீர் எட்டவில்லை. கோபப்பட நியாயம் உண்டு, ஆனால் காரணம் எளிது. கொள்ளிடம்தான் வெள்ளத்தைச் சுமக்கும் ஆறு. வெண்ணாறும் அதன் கிளைகளும் அளந்துவிடும் பாசன ஆறுகள், கரை தாங்கும் அளவுக்கு மேல் அவற்றில் திருப்ப முடியாது. மேலே வெள்ளம் என்றால் கீழே செழிப்பு என்று அர்த்தமில்லை.

விதைப்பு நாளே வெள்ளத் தடுப்பு

கோடை மழை ஈரத்தில் இரண்டு மூன்று உழவு போட்டு மண்ணைப் புழுதியாக்கி வைப்பார்கள். ஆவணி கடைசியில், ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், புழுதியில் விதைப்பு. ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும் என்பது பரிந்துரை. முளைப்பு மோசமாகிவிடும் என்ற பயத்தில் 40 கிலோ வரை போடுகிறவர்கள் உண்டு. விதையை ஒரு சத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (ஒரு லிட்டருக்கு 10 கிராம், விதையின் எடைக்குச் சமமான கரைசல்) 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்திக் கடினப்படுத்தினால், முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே வரும் காய்ச்சலை நாற்று தாங்கும். வெயிலில் காயப்போட்டால் முளைப்புத்திறன் போய்விடும். ஊறி முளைவிட்ட விதையைப் புழுதியில் போட்டாலும் கெடும். இரண்டும் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

நேரடி விதைப்பின் விலை களை. நடவு வயலில் தேங்கும் தண்ணீரே களையை அமுக்கிவிடும், புழுதி வயலில் நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கும். விதைத்த சில நாள்களுக்குள் முளைக்குமுன் களைக்கொல்லி அடிக்க வேண்டும், அதற்கு மண்ணில் ஈரம் வேண்டும். ஈரமில்லாமல் அடித்தது வீண். பிறகு ஒருமுறையாவது கைக்களை எடுக்க வேண்டியிருக்கும். கூலியாள் கிடைக்காத ஊரில் நேரடி விதைப்பின் லாபம் இங்கேயே கரைந்துவிடும்.

ஆனாலும் ஏன் இதையே செய்கிறார்கள்? நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். செப்டம்பர் முதல் வாரம் விதைத்த பயிர் நவம்பர் நடுவில் 75 நாள் பயிர், தூர் கட்டி உயர்ந்து நிற்கும். ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து அக்டோபர் கடைசியில் நட்ட பயிர் அப்போது ஒரு சாண் உயரம். அரை அடி தண்ணீர் நின்றாலே மூழ்கிவிடும். வெள்ளத்தைத் தாங்குவதில் ரகத்துக்கு உள்ள பங்கைவிடச் செடியின் வயதுக்கு உள்ள பங்கு பெரிது.

வயதோடு ரகமும் ஒத்துப்போக வேண்டும். சி.ஆர்.1009 என்ற பொன்மணி 155 முதல் 160 நாள் பயிர். செப்டம்பர் 1-ல் விதைத்தால் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டிப் பூக்கும், பெருமழை ஓய்ந்திருக்கும். அதே நாளில் 110 நாள் குறுகிய கால ரகத்தை விதைத்தால் நவம்பர் இறுதியில், அடைமழைக்கு நடுவே பூக்கும். மகரந்தம் கழுவப்பட்டுக் கதிர் பதராகிவிடும். ‘சீக்கிரம் அறுத்துவிடலாம்’ என்று குறுகிய கால ரகத்தைச் சம்பாப் பட்டத்தில் முன்கூட்டி விதைத்து ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செப்டம்பர் பாதிக்கு மேல் ஆகிவிட்டால் 130–135 நாள் ரகத்துக்கு மாறுவது நல்லது. அக்டோபரும் போய்விட்டால் அதைவிடக் குறுகிய கால ரகம்தான் வழி.

சி.ஆர்.1009 சப் 1 என்ற ரகத்தைப் பற்றி மிகையான நம்பிக்கை உலவுகிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த சப்1 மரபணு அதில் இருக்கிறது. முழுக்க மூழ்கினால் செடி வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் செலவழிக்காமல் உறங்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாங்கும் என்பது தண்ணீர் தெளிவாக இருந்தால்தான். சேற்றுத் தண்ணீரில் வெளிச்சம் புகாது, அப்போது நாள் குறையும். முழங்காலளவு தண்ணீர் மாதக்கணக்கில் நின்றாலோ பூக்கும் பருவத்தில் மூழ்கினாலோ இந்த மரபணுவால் பயனில்லை. தேங்கும் தண்ணீருக்கு மடுமுழுங்கி, காட்டுயானம் மாதிரி உயர வளரும் பழைய நெல்லே மேல். விளைச்சல் குறைவு, காற்றடித்தால் சாயும், ஆனால் மிகத் தாழ்ந்த வயலில் அதுவாவது மிஞ்சும்.

வடிகால் கணக்கு

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் கொட்டினால் ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். 1,000 ஏக்கர் கொண்ட ஒரு வடிகால் பகுதியில் இந்தத் தண்ணீரை ஒரு வாரத்தில் வெளியேற்ற, நொடிக்கு 47 கன அடி இடைவிடாமல் ஓட வேண்டும். ஆனால் கடைமடையில் இடைவிடாமல் ஓடாது. கடல் ஓதத்தின் ஏற்றத்தின்போது கடல்மட்டம் ஆற்றுமட்டத்தைத் தொட்டுவிடும், வற்றத்தில்தான் தண்ணீர் விழும். நாளில் பாதி நேரம்தான் ஓட்டம் என்றால் 95 கன அடி போகும் வழி வேண்டும். இதோடு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வடிந்த தண்ணீரும் இதே வழியாகத்தான் வரும். மேலூர்க்காரர்களுக்கு வடிகால் எனப்படுவது கீழூர்க்காரர்களுக்குப் பாசன ஆறு.

இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கேட்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கடைசிச் சில கிலோமீட்டரில் வயலுக்கும் கடலுக்கும் உயர வித்தியாசமே பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர்தான், அதற்கும் தாழ்ந்த வயல்களும் உண்டு. உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் நடுவே சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மலைநாட்டில் இது புள்ளிவிவரம். இங்கே ஒரு நாளில் தண்ணீர் விழும் நேரத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் மணிக்கணக்கு. அணைகளில் வண்டல் தங்கிவிட, ஆற்றில் மணல் அள்ளிவிட, டெல்டாவை உயர்த்த வேண்டிய மண்ணும் முன்போல் வருவதில்லை.

கதவை இயக்குபவர் லஸ்கர். அவருக்கு வேண்டியது ஓத நேரம் பற்றிய கணக்கு. அடுத்தடுத்த இரு ஏற்றங்களுக்கு நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் உயரும். கார்த்திகைப் பௌர்ணமியோடு புயலும் சேர்ந்தால் வற்றத்தில்கூடத் தண்ணீர் விழாத நாள்கள் வரும். மழை எச்சரிக்கை வந்ததுமே, வயல் நிரம்பும் முன்பே, வற்றத்தில் ஆற்றைக் காலியாக்கி வைப்பதுதான் சரியான இயக்கம். நடைமுறையில் தண்ணீரை வீணாக்கிவிட்டோம் என்ற பழிக்குப் பயந்து கடைசி நேரம் வரை மூடியே வைப்பார்கள். அதற்குள் வயலும் ஆறும் ஒரே மட்டமாகிவிடும்.

ஷட்டரில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்கள். பலகையின் அடி ஓரம் உப்புநீரில் பொருக்காகி உதிரும். ரப்பர் பட்டை வெயிலில் வெடித்து வழிவிடும். தூக்கும் திருகுக் கம்பி கிரீஸ் காணாமல் துருவேறி இறுகும். இறுகிய கம்பியை நான்கைந்து பேர் சேர்ந்து திருகினால் வளைந்துபோகும், அதற்குப் பிறகு பொக்லைன் கொண்டுவந்து சங்கிலி கட்டித் தூக்குவதுதான். மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை முழுக்கத் தூக்கி இறக்கிப் பார்த்தால் இதில் பாதி தவிரும்.

வடிகாலை அடைப்பது ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். காட்டாமணக்கை வெட்டிக் கரையிலேயே போட்டால் ஒரு மழையில் கணுவுக்குக் கணு வேர்விடும், காயவைத்து எரிக்க வேண்டும். தூர்வாருவதிலும் ஒழுங்கு உண்டு. வாயிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வேகமாக வரும் தண்ணீர் கீழே தூராத இடத்தில் முட்டி ஊரை முழுக்கும். நீரொழுங்கியின் தளமட்டத்துக்குக் கீழே ஆற்றைத் தோண்டினால் ஒரு சொட்டும் கூடுதலாக வடியாது, உப்பு உள்ளே தங்கப் பள்ளம்தான் கிடைக்கும். அள்ளிய மண்ணைக் கரை விளிம்பில் குவித்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வரும். எவ்வளவு கிலோமீட்டர் தூர்வாரினார்கள் என்று செய்தி வருகிறது, எந்த மட்டத்துக்குத் தூர்வாரினார்கள் என்று வருவதில்லை. பாசன வாய்க்காலுக்கு ஆள் சேரும், வடிகாலுக்குச் சேராது. வடிகால் யாருடைய வயலுக்கும் தண்ணீர் கொண்டுவருவதில்லையே.

முகத்துவாரம் தனிச் சங்கதி. ஆற்றில் ஓட்டமில்லாத மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். மூடிய வாய் கோடையில் உப்பையும் ஓரளவு தடுக்கும் என்பதால் உடனே வெட்டக் கூடாது. புரட்டாசிக் கடைசியில் வெட்டிவிட்டால், வெள்ளத்தின் வேகமே மீதியை அகலப்படுத்திக்கொள்ளும். வெள்ளம் வந்தபின் வெட்டப் போனால் இயந்திரம் நிற்க இடமிருக்காது.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு 2016-ல் ஒப்புதலான வெண்ணாறு உபவடிநிலத் திட்டம் அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. கரைகளைப் பலப்படுத்துவது, நீரொழுங்கிகளைப் புதுப்பிப்பது, இறைப்பு நிலையங்களைச் சீராக்குவது அதன் வேலைகள். பருவநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுத்து இந்தப் பகுதியில் வந்த பெரிய வேலை இதுதான். கரை உயர்த்தும் எந்த வேலையிலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்ந்த கரை ஆற்று வெள்ளத்தை வயலுக்குள் விடாது, அதேபோல் வயல் வெள்ளத்தை ஆற்றுக்குள்ளும் விடாது. கரையினூடே குழாய் மதகுகள் போதுமான அளவில், சரியான தாழ்வில், திரும்பி வராத கதவோடு வைக்காவிட்டால் ஊர்க்காரர்களே கரையை வெட்டுவார்கள். வெட்டிய இடம் அடுத்த வெள்ளத்தில் உடைப்பாகும்.

தண்ணீர் வடிந்தபின் செய்வதற்கும் வரிசை உண்டு. முதலில் வேர் மூச்சுவிட வேண்டும். வடியுமுன் யூரியா வீசினால் அது தண்ணீரோடு போகும். வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் நீரில் கரைத்து இலைமேல் தெளிப்பது. இலை பச்சை பிடித்தபின் 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது. வேளாண்துறை ஒவ்வொரு ஆண்டும் சொல்வதும் இதுதான். அழுகிய திட்டுகளில் நன்றாக இருக்கும் தூர்களைப் பிரித்து நடலாம். பயிர் 50 நாளைத் தாண்டியிருந்தால் அதற்கும் பெரிய பலனிருக்காது.

உப்பு

மழை நின்றதும் கணக்கு திரும்புகிறது. தை கடைசியில் ஆற்றோட்டம் நிற்கும், பங்குனி வெயிலில் வயல் மேல் வெள்ளை பூக்கும். உப்பின் அளவைக் காட்டுவது மண்சாற்றின் மின்கடத்துதிறன். நெல்லுக்கு அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 12 சதம் விளைச்சல் குறையும், 7-ஐ ஒட்டிப் பாதி போய்விடும். கடல்நீரின் அளவு 50-ஐ ஒட்டியது. முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் நெல் ஓரளவு தாங்கும். இளநாற்றும் பூக்கும் பருவமும்தான் தாங்காது. அதனால் விதை முளைத்துவிட்டதை வைத்து மண்ணில் உப்பில்லை என்று முடிவு செய்தால் மூன்றாவது வாரத்தில் நுனி கருகும்போதுதான் தெரியவரும்.

இந்த வட்டாரத்தில் உவரும் களரும் ஒன்றாகப் பேசப்படுகின்றன. மருந்து வேறு வேறு. உவர்மண்ணில் கரையும் உப்பு அதிகம். நல்ல தண்ணீரில் கழுவினால் போகும், ஜிப்சம் தேவையில்லை. களர்மண்ணில் சோடியம் களிமண்ணோடு ஒட்டியிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல். அங்கே ஜிப்சம் போட்டுச் சோடியத்தைக் கழற்றிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். மண் பரிசோதனை இல்லாமல் எல்லா வயலிலும் ஜிப்சம் மூட்டையைக் கொட்டுவது காசுக்குக் கேடு. ஜிப்சம் போட்டுவிட்டுக் கழுவாமல் விடுவது அதைவிட மோசம், கழன்ற சோடியம் அங்கேயேதான் கிடக்கும்.

கழுவுவதற்கு ஒரு தோராய விதி: எத்தனை ஆழ மண்ணோ ஏறக்குறைய அத்தனை ஆழத் தண்ணீர். 30 சென்டிமீட்டர் மண்ணுக்கு ஏக்கருக்குச் சுமார் 12 லட்சம் லிட்டர். இதை எந்தப் போர்வெல்லும் தராது, வடகிழக்குப் பருவமழைதான் தரும். இங்கே சிக்கல் களிமண்ணின் இறுக்கம். தண்ணீர் கீழே இறங்காது. ஆகவே முதல் மழையில் மேற்பூச்சு உப்பு கரைந்த தண்ணீரைக் கட்டிவைக்காமல் வடிகாலில் தள்ளிவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மழையைத்தான் கட்ட வேண்டும். ‘வந்த தண்ணீரை விடலாமா’ என்று முதல் மழைக்கே வரப்பை அடைப்பவர்கள் கரைந்த உப்பையும் சேர்த்து அடைக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வயல்களில் கடல்நீரும் கடற்சேறும் படிந்தன. அந்த நிலம் பல்லாண்டு விளையாது என்றார்கள். பல வயல்கள் நினைத்ததைவிட விரைவாக மீண்டன. 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டியது பெரிய காரணம், படிந்த சேற்றை முதலில் வழித்தெடுத்துவிட்டு வரப்பு கட்டி, கழுவி, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கியது இன்னொன்று. தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ, பூக்கும் தறுவாயில் 45-ஆம் நாளை ஒட்டி மடக்கி உழ வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகி மக்காது. சேற்றைச் சேர்த்தே உழுத வயல்களும் வடிகால் இல்லாத பள்ளங்களும் பின்தங்கின.

ரகத்தில், திருச்சியில் வெளியிட்ட டிஆர்ஒய் வரிசை நெல் களரையும் உவரையும் ஓரளவு தாங்கும். பழைய நெல்லில் குழியடிச்சானும் களர்பாலையும் வேதாரண்யம் பக்கத்துக் குடவாழையும் இதே வேலையைச் செய்தவை. உப்புக்குப் பழகிய மாடும் இங்கே உண்டு. உம்பளச்சேரி மாடு கரையோரத்து உப்பருகு மேய்ந்து, சேற்று வயலில் சேடை ஓட்டத் தேறியது. டிராக்டர் வந்தபின் உழவுக்கு அதைத் தேடுபவர் குறைவு.

வேதாரண்யம் மணல்மேடு வேறு உலகம். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் தாங்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் படிக்க வேண்டும்: மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். ஆழமில்லாத குட்டை வெட்டி மேற்பரப்பு நீரை மட்டும் எடுத்துப் புகையிலைக்கும் முல்லைக்கும் ஊற்றிய பழைய முறைக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது. ஆழ்துளையும் பெரிய மோட்டாரும் வந்த இடங்களில் கிணறு உவர்த்தபின் மீள்வது கடினம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்த மேட்டின் மாவையும் சவுக்கையும் தென்னையையும் முறித்துப் போட்டது. நெல் அடுத்த ஆண்டு வந்துவிடும், தென்னை காய்க்க ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பலரும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போனார்கள்.

1990-களில் இறால் பண்ணைகள் வந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005-ல் வந்த சட்டம் உரிமம் கொடுத்து முறைப்படுத்தும் ஆணையத்தை அமைத்தது. உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த வயல்காரரின் கேள்வி ஒன்றுதான்: பண்ணைக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் போகிறது? அது பாசன வாய்க்கால் என்றால், கிழக்கே உள்ள ரெகுலேட்டர் எத்தனை இறுக்கமாக மூடியிருந்தும் உப்பு உள்ளேதான்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதே பாடம் வேறு விதமாக நடந்தது. பழைய காலத்தில் கூப்புக்கூப்பாக, அதாவது காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, மரம் வெட்டியதில் தரை காய்ந்து அமிழ்ந்து தொட்டியானது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் திரும்பாமல் அங்கேயே வற்றி, கடல்நீரைவிட உப்பானது. கன்று நட்டால் பட்டுப்போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் போலக் கிளைக் கால்வாய்கள் வெட்டித் தண்ணீர் வந்துபோக வழி செய்தபின்தான் அலையாத்தி பிடித்தது. உப்பில் வளரும் மரத்துக்கே வடிகால் தேவைப்பட்டது.

அறுவடையும் காகிதமும்

தை மழை இப்போது தனி எதிரி. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த பருவம் தவறிய மழை முற்றிய சம்பாவைச் சாய்த்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் சில நாளில் வயலிலேயே முளைக்கும். ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் அறுவடை இயந்திரம் வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள், வாடகை ஏறும், சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் கூடும். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்குள் இருக்க வேண்டும். தளர்வு கேட்டு எழுதி, குழு வந்து பார்த்து, ஆணை வருவதற்குள் சாலையில் கொட்டிய நெல் இன்னொரு மழை பார்க்கும். 2023-ல் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள், பாதிப்பு 33 சதம் தாண்டியிருந்தால் மட்டும்.

பயிர்க்காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு 1.5 சதம், கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. இழப்பு கிராம அளவில், மாதிரி அறுவடை வைத்துக் கணக்கிடப்படும். ஊரின் மேட்டு வயல் நன்றாக விளைந்தால் பள்ளத்து வயலின் நட்டம் சராசரியில் மறைந்துவிடும். தாழ்வான கடைமடையில் இந்த அநியாயம் விதியாகவே இருக்கிறது. கோயில், மட நிலங்களை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு அடங்கலில் (கிராமச் சாகுபடிப் பதிவேட்டில்) பெயர் இருக்காது. பெயரில்லாமல் காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை. வெள்ளத்தில் நட்டப்படுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் இன்னொருவர்.

கூலிக்காரர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நேரடி விதைப்பால் நடவு போயிற்று, இயந்திரத்தால் அறுப்பு போயிற்று, மீதமிருப்பது களையும் நூறு நாள் வேலையும். அந்த நூறு நாள் வேலையை வடிகாலின் சின்னக் கிளைகளில், புரட்டாசிக்குள் முடியும்படி வைக்கும் ஊராட்சிகளில் கார்த்திகைத் தண்ணீர் முன்னதாக வடிகிறது.

கடைசி வேலை ஜனவரி முடிவில். மேட்டூர் மூடும் நாளை ஒட்டி ஆற்றில் வரத்து சுருங்கும். சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும், வயலுக்கு இனித் தண்ணீர் தேவைப்படாது. ஆனால் ஆற்றில் நிற்கும் இந்தக் கடைசி நன்னீர்தான் மாட்டுக்கும், குட்டைக்கும், உளுந்து பயறு விதைக்கும் ஈரத்துக்கும், கரையோரக் கைபம்புக்கும் வைகாசி வரை. வரத்து நிற்பதற்கு முன், ஆற்றுமட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும்போதே, ஒரு வற்றத்தில் ஷட்டரை இறக்கி அடிப்பட்டை தளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு குச்சியோ கல்லோ இடுக்கில் சிக்கியிருந்தால் விரலளவு இடைவெளி விழும். உவர்நீர் நன்னீரைவிடக் கனமானது, மேலே தெளிந்த தண்ணீர் தெரியும்போதே அடியில் ஊர்ந்து மேலேறும். அதனால் சோதிக்கும் தண்ணீரைக் கரையோரம் மேலாக மொள்ளக் கூடாது. பாட்டிலில் கல் கட்டி, கயிற்றில் இறக்கி, அடியிலிருந்து எடுக்க வேண்டும்.